ரசீது இல்லாத பருத்தி விதை: வழக்கு வருமா, நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கரில் பருத்தி போட்டேன். 'களைக்கொல்லி அடித்தாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்லி, கடைக்காரர் கம்பெனி பெயரே இல்லாத பாக்கெட்டைக் கொடுத்தார். ரசீது தரவில்லை. கிளைபோசேட் அடித்ததில் பாதிச் செடி கருகிவிட்டது. விதை ஆய்வாளர் வந்து மீதி விதையில் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். என் மேல் வழக்கு வருமா? நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: முதலில் காலி பாக்கெட்டைத் தேடி எடுத்து வையுங்கள். வயலை உழுதுவிட வேண்டாம். வேளாண் உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனு கொடுத்து, வயலைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லுங்கள்.

2002-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற மரபணு மாற்றப் பருத்தியான பி.டி. பருத்தி காய்ப்புழுவைத் தாங்குவது. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு அனுமதி கிடையாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய அரசின் மரபணு மாற்றப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் இல்லாத விதையை விற்பதும் தவறு, பயன்படுத்துவதும் தவறு. அதனால் 'நான் விற்கவில்லையே' என்பது எடுபடாது. விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைச் சிலர் காட்டுவார்கள். நல்ல பிரிவுதான், ஆனால் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு அது விலக்குத் தராது.

வழக்கு வரலாம். 2019-ல் மகாராஷ்டிரத்தின் அகோலாவில் இதே வகை விதையை வெளிப்படையாக விதைத்த விவசாயிகள் மேல் வந்தது. அப்போது ஐந்தாண்டு வரை சிறை என்றிருந்தது. 2024 ஏப்ரலில் இருந்து 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம். அதைக் கட்டாமல் விட்டால்தான் சிறைப் பேச்சு. தெரிந்து விதைத்தீர்களா, ஏமாந்தீர்களா என்பதுதான் உங்கள் பக்கத்துப் பலம். கடைக்காரர் சொன்ன வார்த்தைகளை அப்படியே இன்றே எழுதி வையுங்கள். கூட யாராவது இருந்தார்களா?

நஷ்டஈடு விஷயத்தில் கதவு திறந்தே இருக்கிறது. மோசமான விதைக்கு விவசாயி நுகர்வோர் மன்றம் போகலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். விதைக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ரசீது இல்லாதது பெரிய ஓட்டைதான். ஜிபே, போன்பேயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு உதவும். இன்னொரு சிக்கல், கிளைபோசேட் பருத்திக்குப் பரிந்துரைக்கப்பட்ட மருந்தே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

அப்புறம், ஆய்வாளர் எடுத்த மாதிரி. விதைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி மூன்று பங்கு எடுத்து, ஒன்றை முத்திரையிட்டு உங்களிடம் தர வேண்டும். தந்தாரா? இல்லையென்றால் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள்.