‘பில்புல்’ என்றால் விதண்டாவாதமா?

கேள்வி: ஆங்கில நாளேடு ஒன்றின் கட்டுரையில், ஒரு வழக்கறிஞரின் வாதத்தை ‘வெறும் பில்புல்’ என்று எழுதியிருந்தார்கள். யூத மறைநூல் கல்வியில் வழங்கும் விவாத முறை என்றும், அளவுக்கு மீறி நுணுக்கும் வாதம் என்றும் அகராதி இரு பொருள் தருகிறது. தமிழில் ‘விதண்டாவாதம்’ என்று எழுதலாமா?
— வாசகர், தக்கலை

பதில்: அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பொருளே பொருந்தும். ஆனால் ‘விதண்டாவாதம்’ வேண்டாம். தனக்கென ஒரு கொள்கையை நிறுவாமல் எதிராளியை மறுப்பது மட்டுமே விதண்டை. பில்புல் ஒரு முடிவைத் தேடிச் செல்லும் வாதம்.

எபிரேய மொழியில் மிளகுக்குப் பெயர் பில்பெல். மிளகைப் போல உறைப்பாக அறிவைச் செலுத்துவது பில்புல் என்று விளக்குவது வழக்கம். அந்தப் பில்பெல், வடமொழிப் ‘பிப்பலி’ பாரசீகம் வழியாக மேற்கே போய் உருமாறியது. நம் திப்பிலியும் அதற்கு உறவு. குலசேகரம் பக்கம் மரங்களில் படர்ந்திருக்கும் நல்லமிளகுக் கொடியை அன்றாடம் பார்க்கும் உங்கள் மாவட்டத்தாருக்கு இந்த உறவு மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறேன்.

அந்த உறைப்பு எப்படிப்பட்டது என்பதற்கு, யூதச் சட்டமும் அதைப் பற்றிய விவாதங்களும் அடங்கிய தல்மூதிலிருந்தே ஒரு காட்சி. ஓர் ஆடையை இருவர் பிடித்துக்கொண்டு, “நான் கண்டெடுத்தேன்”, “முழுவதும் என்னுடையது” என்று இருவருமே இரண்டையும் சொல்கிறார்கள். தன் பங்கு பாதிக்குக் குறையாது என்று இருவரும் ஆணையிட்டுவிட்டுச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது, ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட, தல்மூதின் மூலப்பகுதியான மிஷ்னாவின் தீர்ப்பு. பின்வந்த அறிஞர்கள் தீர்ப்பைவிட்டு முதலில் சொற்களைப் பிடிக்கிறார்கள்: ஒரு கூற்றுப் போதாதா, இரண்டு எதற்கு? ‘கண்டெடுத்தேன்’ என்று மட்டும் இருந்தால், கையில் எடுக்காமல் கண்ணால் கண்டாலே பொருள் சொந்தமாகிவிடும் என்று ஒருவர் கருதிவிடக்கூடும் என்று விடை வருகிறது. அந்த விடைக்கும் உடனே ஒரு தடை எழுகிறது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பின்வந்த உரையாசிரியர் சேனாவரையர் மறுக்கும் இடங்களைப் படித்தவர்களுக்கு இந்தச் சுவை புதிதன்று; நம் உரை மரபில் இதற்குப் பெயர் தடைவிடை.

யூத மரபில் இது புகழ்ச்சொல்லாகவே தொடங்கியது. மறை கைவரும் 48 வழிகளுள் மாணவரோடு செய்யும் பில்புல்லும் ஒன்று என்கிறது ஒரு பழைய பட்டியல். பிற்காலத்தில் போலந்துப் பாடசாலைகளில் அது வெறும் திறமை காட்டும் வித்தையாகிவிட்டது என்று, 1609-இல் மறைந்த பிராகா நகரத்து மகரால் போன்ற யூத அறிஞர்களே கடிந்துகொண்டார்கள். ஆங்கிலம் பெரும்பாலும் அந்தக் கண்டனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கற்றவர்களின் மதிப்பை விட்டுவிட்டது. இது எனக்கு வருத்தமே. யூதர் ஒருவரை நோக்கி இச்சொல்லை வீசினால் அது இனவசை ஆகிவிடுகிறது. இன்று இணையத்தில் அப்படி வீசுவோரும் உண்டு.

ஆகவே, வழக்கறிஞரைப் பற்றிய வரியை ‘வீண் நுணுக்க வாதம்’ என்று பெயர்க்கலாம். தல்மூத் படிப்பைப் பற்றிய இடமானால் பில்புல் என்றே எழுதி, முதன்முறை வருமிடத்தில் ‘தடைவிடை முறை’ என்று விளக்கம் சேர்த்துவிடுங்கள்.