படைவீரர் சொன்னதும் பதிவேடு சொல்வதும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் இணையவழி வகுப்பில் போர் வரலாறு எடுக்க ஓர் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் முன்வந்திருக்கிறார். டிடி-214 என்ற பணிவிடுப்புச் சான்றை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். அதை வைத்து நம்பலாமா?

பதில்: கேட்க வேண்டிய படிவம் அதுதான். ஆனால் அவர் கையிலிருந்து வந்த நகல் சான்றாகாது. போலியாகத் திருத்த நினைப்பவர் முதலில் கைவைப்பது 13-ஆம் கட்டத்திலும் (பதக்கங்கள்) 14-ஆம் கட்டத்திலும் (பயிற்சிகள்). அவற்றுக்கு ஏற்றபடி 11-ஆம் கட்டத்தில் உள்ள தொழிற்பிரிவையும் 12-ஆம் கட்டத்தில் உள்ள நாள் கணக்கையும் மாற்றத் தவறிவிடுவார். 11-இல் வாகன மெக்கானிக் என்றிருக்க, 14-இல் சிறப்புப் படைப் பயிற்சி இருந்தால் அந்த இடத்தில் நின்று விசாரியுங்கள். வெளிநாட்டில் எத்தனை மாதம் இருந்தார் என்பதும் 12-இல் இருக்கிறது. போர்முனைக் கதைகள் அந்த மாதங்களுக்குள் அடங்குகின்றனவா என்று கூட்டிப் பாருங்கள்.

அனுப்பியது எந்த நகல் என்பதும் முக்கியம். 'மெம்பர்-1' என்ற சுருக்க நகலில் அவர் எந்தத் தகுதியோடு, என்ன காரணத்தால் வெளியேறினார் என்பது இருக்காது. 'மெம்பர்-4' நகலில் அந்த விவரம் 24-ஆம், 28-ஆம் கட்டங்களில் இருக்கும். சுருக்க நகலை மட்டும் தருபவரிடம் மற்றதையும் கேளுங்கள். ஒரு படிவம் ஒரு பணிக்காலத்தை மட்டுமே சொல்லும் என்பதால், விலகி மறுபடி சேர்ந்தவரிடம் இரண்டு மூன்று படிவங்கள் இருப்பது இயல்பு. இந்தப் படிவம் 1950-இல்தான் வந்தது. 1945-இல் வீடு திரும்பியவர் பெயரில் அந்த ஆண்டுத் தேதியோடு டிடி-214 இருந்தால் அது பிற்காலத்தில் எவரோ தயாரித்தது.

செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 என்ற விண்ணப்பம் அனுப்புவதே நேர்வழி. அவர் கையெழுத்திட்டு, பெறுநர் இடத்தில் உங்கள் முகவரியை எழுதினால் ஆவணம் அவர் கைக்குப் போகாமல் நேராக உங்களிடம் வரும். கையெழுத்துத் தர மறுத்தாலும் கதவு மூடிவிடாது. அந்நாட்டின் தகவல் உரிமைச் சட்டப்படி யார் கேட்டாலும் பணிக்காலம், பதவிநிலை, பணியிடங்கள், பயிற்சிகள், பதக்கங்கள் ஆகியவற்றைத் தருவார்கள். மருத்துவ விவரமும் ஒழுங்கு நடவடிக்கை விவரமும் வராது. முழுப்பெயர், பிறந்த தேதி, எந்தப் படை, ஏறத்தாழ எந்த ஆண்டுகள் என்பதைக் குறிப்பிட வேண்டும். பெண்ணாக இருந்தால் படையில் இருந்தபோது என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள். திருமணத்துக்குப் பின் மாறிய பெயரில் தேடிவிட்டு, ஆளே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கேள்வி: 'என் கோப்பு தீவிபத்தில் எரிந்துவிட்டது' என்கிறார் ஒருவர். 'என் பணி ரகசியம், பதிவே கிடையாது' என்கிறார் இன்னொருவர். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: தீவிபத்து நடந்தது உண்மை. 1973 ஜூலை 12 அன்று அதே ஆவண மையத்தில் பற்றிய தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை அழிந்தன. ஆனால் எல்லாருடைய கோப்பும் எரியவில்லை. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போயிற்று. விமானப்படையில், 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி 1 வரை விலகியவர்களில், அகரவரிசைப்படி 'ஹபர்ட், ஜேம்ஸ் இ.' என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 விழுக்காடு. கடற்படை, மரைன் படைக் கோப்புகள் இந்த இழப்புக் கணக்கில் இல்லை. 1970-இல் தரைப்படையிலிருந்து விலகியவர் தீயைக் காரணம் காட்டினால் அது செல்லாது. எரிந்த கோப்புக்கும் மாற்று உண்டு: படைப்பிரிவின் காலை அறிக்கைகள் (அன்றாட ஆள் கணக்கு), கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை வைத்துப் பணியை உறுதிசெய்து சான்றிதழ் தருகிறார்கள்.

ரகசியம் என்பவரின் வாதம் இன்னும் பலவீனமானது. ஒரு நடவடிக்கை ரகசியமாக இருக்கலாம், அவர் சேர்ந்த நாள், சம்பளம், பாராசூட் பயிற்சி, பதவி உயர்வு எதுவும் ரகசியமாக இருக்காது. சிறப்புப் படையில் இருந்தவரின் கோப்பிலும் அந்தப் பயிற்சியின் பெயர் இருக்கும். மேடையில் ஊரறியப் பேசும் ஒருவர், காகிதம் கேட்டால் மட்டும் ரகசியம் காப்பது விந்தைதான்.

கேள்வி: பதக்கங்களை எங்கே சரிபார்ப்பது?

பதில்: முதலில் வகை பிரியுங்கள். வீரத்துக்குத் தரப்படுவது ஒன்று, குறிப்பிட்ட காலத்தில் பணியில் இருந்ததற்காகத் தரப்படுவது இன்னொன்று. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம் 1961 முதல் 1974 வரை பணியில் இருந்த எவருக்கும் கிடைத்தது. அதை வைத்து வியட்நாம் போனார் என்று சொல்ல முடியாது. வியட்நாம் சேவைப் பதக்கமோ 1965 ஜூலை 4 முதல் 1973 மார்ச் 28 வரை அந்தப் போர்ப்பகுதியில் பணியாற்றியவர்களுக்கு. 'வியட்நாம் காலத்து வீரர்' என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் பொய் சொல்லவில்லை. அதை 'வியட்நாமில் போரிட்டவர்' என்று அறிமுக உரையில் மாற்றுவது பெரும்பாலும் விழா நடத்துபவர்களே. இந்தியாவிலும் கார்கிலுக்கு இரண்டு உண்டு: போர்ப்பகுதியில் இருந்தவர்களுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், பிற இடங்களில் துணைநின்றவர்களுக்கு ஆபரேஷன் விஜய் மெடல்.

வீரப்பதக்கம் என்றால் அரசிதழைப் பாருங்கள். பிரிட்டனில் 'லண்டன் கெசட்' இதழில் விருது மட்டுமல்ல, அதிகாரிகளின் நியமனத் தேதியும் வரும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இந்திய வீரவிருதுகளுக்கு இந்திய அரசிதழும் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீரவிருது இணையதளமும் இருக்கின்றன. பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் மொத்தமே 21 பேர், அதில் 14 பேருக்கு மறைவுக்குப் பின் தரப்பட்டது. இந்தப் பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், பார்க்காமலே மாலை போடுவோர் உண்டு.

கேள்வி: இந்தியத் தரைப்படையில் 28 ஆண்டு பணியாற்றி 'கேப்டன்' ஆக ஓய்வுபெற்றதாகச் சொல்கிறார் ஒருவர். அதிகாரிகள் இரண்டே ஆண்டில் கேப்டன் ஆகிவிடுகிறார்களே, பொய்யா?

பதில்: அவசரப்படாதீர்கள். சிப்பாயாகச் சேர்ந்து சுபேதார் மேஜர் வரை உயர்ந்தவர்களுக்குக் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவிகள் அறிவிக்கப்படுவது வழக்கம். அவருடைய பணி எண் 'ஜேசி' என்று தொடங்கினால் இதுதான் விஷயம். நிரந்தரப் பணி அதிகாரியின் எண் 'ஐசி' என்றும், குறுகிய காலப் பணி அதிகாரியின் எண் 'எஸ்எஸ்' என்றும் தொடங்கும். 'கௌரவ' என்ற அடைமொழியை அழைப்பிதழில் விடாமல் அச்சிடுங்கள். கடற்படைக் கேப்டன் என்றால் கதையே வேறு, அது தரைப்படைக் கர்னலுக்குச் சமம்.

கேள்வி: பணி உண்மை, பதக்கமும் உண்மை. வரலாறு கற்பிக்க அது போதுமா?

பதில்: அனுபவம் பேச அது போதும். போர் வரலாறு கற்பிக்க இன்னும் வேண்டும். ஒரு பிளட்டூனோடு (சிறு படைக்குழு) போனவர் கண்டது அந்த பிளட்டூனின் போர். பக்கத்து மலையில் நடந்ததையும் எதிரித் தளபதியின் திட்டத்தையும் அவரும் நம்மைப் போல் படித்துத்தான் அறிய வேண்டும்.

இதற்கு நேர் எதிரான சம்பவமும் உண்டு. மவுன்ட் ஹோலியோக் கல்லூரிப் பேராசிரியர் ஜோசப் எல்லிஸ் 2001-இல் வரலாற்றுக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர். வியட்நாமில் வான்குடைப் படையில் இருந்ததாக வகுப்பில் சொல்லிவந்தார். அவர் ராணுவத்தில் இருந்தது உண்மை, ஆனால் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் வரலாறு கற்பித்தாரே தவிர, வியட்நாமுக்குப் போகவில்லை. அதே ஆண்டு செய்தித்தாள் அதை வெளியிட்டது, கல்லூரி ஓராண்டுக்குச் சம்பளமின்றி இடைநீக்கம் செய்தது. அவருடைய புலமையை யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஆகவே படைப்பணியையும் புலமையையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். ஒன்று தேறியதை வைத்து மற்றதை நம்பிவிடாதீர்கள்.

பட்டத்தைப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இந்திய முனைவர் பட்டம் என்றால் ஆய்வேடு 'ஷோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய ஆய்வேடுகள் பல அதில் ஏறவில்லை, எனவே அங்கே இல்லாததாலேயே பட்டம் பொய்யாகிவிடாது. வெலிங்டன் படைத்துறைக் கல்லூரியில் படித்த அதிகாரியிடம் சென்னைப் பல்கலைக்கழக எம்.எஸ்சி. இருந்தால் சந்தேகப்பட வேண்டாம், அந்தப் படிப்புக்குப் பட்டம் தருவது அந்தப் பல்கலைக்கழகம்தான்.

நேர்முகத்தில் ஒரு கேள்வி உதவும். இரண்டாம் உலகப் போரில் போர்முனையில் இருந்தவர்களில் அதிகம் போனால் கால்வாசிப் பேர்தான் துப்பாக்கியால் சுட்டார்கள் என்ற எஸ்.எல்.ஏ. மார்ஷலின் கணக்கை எப்படிக் கற்பிப்பீர்கள் என்று கேளுங்கள். மார்ஷல் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றாளர், போர்முனையில் வீரர்களைப் பேட்டி எடுத்தவர். ஆனால் அப்படி எண்ணியதற்கான தடயம் அவருடைய குறிப்பேடுகளில் இல்லை என்று 1988-இல் வரலாற்றாளர் ரோஜர் ஸ்பில்லர் காட்டினார். இந்தச் சர்ச்சையைத் தெரிந்துவைத்திருப்பவரை அமர்த்தலாம். அந்தக் கணக்கை வேதவாக்காக ஒப்பிப்பவரிடம், எந்த ஆவணங்களைப் படித்துப் பாடம் தயாரிக்கிறார் என்று அடுத்துக் கேளுங்கள். படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு, எதிர்த்தரப்பு ஆவணம் இரண்டில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லையென்றால் நினைவுரை நிகழ்ச்சிக்கு மட்டும் அழையுங்கள்.

கேள்வி: பதிவேடும் அவர் சொன்னதும் பொருந்தவில்லை. அம்பலப்படுத்தலாமா?

பதில்: முதலில் அவரிடமே, தனியாக, எழுத்தில் கேளுங்கள். எழுத்தர் பிழைகள் நிறைய உண்டு. டிடி-214 பிழைகளைத் திருத்தவே டிடி-215 என்று தனிப் படிவம் இருக்கிறது. விலகிய பிறகு வந்த பதக்கம் முதல் படிவத்தில் ஏறியிருக்காது. பதில் தர இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்வது மட்டுமே அமெரிக்காவில் குற்றமாகாது என்று 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013-இல் வந்த சட்டம், முக்கியப் பதக்கங்களைச் சொல்லிப் பணமோ வேறு ஆதாயமோ பெற ஏமாற்றுவதைத்தான் தண்டிக்கிறது. விளக்கம் வராவிட்டால், சரிபார்க்க முடியாத வரிகளை அறிமுகக் குறிப்பிலிருந்து நீக்குங்கள். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.