விழுந்தவர்களின் மனு

அன்புள்ள சார்,

சில மாதங்களுக்கு முன் ஒரு பதிலில், போகிற போக்கில் 'ஃபாலன்' என்ற குறுந்தொடரைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி மூன்று பாகங்களையும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். வீட்டில் சண்டை இன்னும் ஓயவில்லை.

முதல் பாகம் எல்லோருக்கும் பிடித்தது. வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கும் ஆரன் என்ற பையன், 18 வயது ஆனதும், தான் ஒரு மனிதப் பெண்ணுக்கும் தேவதூதனுக்கும் பிறந்த 'நெபிலிம்' என்று தெரிந்துகொள்கிறான். அவனைக் கொல்ல ஒரு தேவதூதர் கூட்டம் அலைகிறது. விழுந்த தூதர்களை மன்னித்துப் பரலோகத்துக்குத் திருப்பி அனுப்பும் சக்தி அவனிடம் இருக்கிறது. நன்றாகத்தான் ஆரம்பித்தது. அடுத்த இரண்டு பாகங்கள் இழுவை.

அக்கா மகள், ஆரனாக நடித்த பால் வெஸ்லிக்காகவே பார்த்தாள், அவளுக்குக் குறையே இல்லை. என் கணவருக்கு நாய் பேசியதும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் எதையும் நம்பவில்லை. அத்தைதான் கோபித்துக்கொண்டார்கள். "விழுந்துபோன தூதனுக்கு மன்னிப்பே கிடையாது. எந்த வேதத்தில் இப்படி எழுதியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அத்தை சொல்வது சரியா? உங்களுக்கு இதில் அப்படி என்னதான் பிடித்தது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு வரியை நம்பி மூன்று பாகங்கள் பார்த்திருக்கிறீர்கள். இனி நான் வரிகளை எண்ணித்தான் எழுத வேண்டும்.

முதலில் இழுவை பற்றி. நீங்கள் அடுத்தடுத்துப் பார்த்ததை அமெரிக்கப் பார்வையாளர்கள் ஒரு வருட இடைவெளியில் பார்த்தார்கள். ஏபிசி ஃபேமிலி சேனலில் முதல் பாகம் 2006 ஜூலையில் வந்தது, மற்ற இரண்டும் 2007 ஆகஸ்டில். நடுவில் இயக்குநர் மாறிவிட்டார். முதல் பாகத்தை எடுத்த மிக்கேல் சாலமன் ஒளிப்பதிவிலிருந்து வந்தவர். மற்ற இரண்டையும் எடுத்த கெவின் கெர்ஸ்லேக், நிர்வாணா போன்ற ராக் குழுக்களுக்கு இசை வீடியோ எடுத்துப் பேர் வாங்கியவர். ஒரு பையன் தன் வீட்டுக்குள்ளேயே அந்நியனாகிப் போவதை முதல் பாகம் பொறுமையாகக் காட்டுகிறது. பின்னால் வருவது காரில் ஏறிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிற கதை. தாமஸ் ஸ்னியகோஸ்கி எழுதிய மூல நாவல் வரிசை நான்கு புத்தகம். முதல் புத்தகத்துக்கு ஒரு பாகம் முழுசாகக் கிடைத்தது, மிச்ச மூன்றையும் இரண்டு பாகத்தில் திணித்தார்கள். திணித்தால் வேகமாகத்தானே போகவேண்டும், எப்படி இழுவை ஆகும் என்று கேட்பீர்கள். நின்று பார்க்க நேரம் இல்லாத கதைதான் அலுப்புத் தட்டும். யார் செத்தாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

அக்கா மகளின் ரசனையைக் குறை சொல்ல மாட்டேன். இன்று இந்தத் தொடரைத் தேடிப் பார்ப்பவர்களில் பலர் அவளைப் போல நடிகரைப் பின்தொடர்ந்து பின்னோக்கி வந்தவர்கள்தான். பால் வெஸ்லி 'தி வாம்பயர் டைரீஸ்' தொடரில் புகழ் பெற்றது 2009-க்குப் பிறகு. லைட் பிரிங்கராக, அதாவது லூசிஃபராக வருபவர் பிரையன் கிரான்ஸ்டன். இப்போது அவரைப் பார்த்தாலே நமக்கு 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைமருந்து காய்ச்சும் வாத்தியார் ஞாபகம் வந்து, என்னவோ நடக்கப்போகிறது என்று வயிற்றில் புளி கரைக்கிறது. 2007-இல் அப்படி இல்லை. 'மால்கம் இன் த மிடில்' தொடரில் ஏழு சீசன் சிரிக்கவைத்த அசட்டு அப்பாதான் அவர். நரகத்தின் அதிபதியாக வந்து நின்றபோது எத்தனை பேர் சிரித்திருப்பார்களோ.

நாய்க்கு நான் வக்காலத்து வாங்கியே தீருவேன். உங்கள் கணவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. 18 வயதில் ஆரனுக்கு முதலில் கிடைப்பது இறக்கையோ வாளோ இல்லை, பாஷை. எல்லா மொழியும் அவனுக்குப் புரிய ஆரம்பிக்கிறது, அதில் நாயின் மொழியும் சேர்த்தி. அவனுடைய நாய் கேப்ரியல் அதுவரைக்கும் பேசாமலா இருந்தது? இவனுக்குத்தான் கேட்கவில்லை. தான் யாரென்று தெரியவரும் ஒருவனுக்கு முதல் அடையாளமாக இதைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை. அத்தை நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தீர்களா? பழைய ஏற்பாட்டின் எண்ணாகமத்தில் பிலேயாமின் கழுதையே வாய் திறந்து, ஏன் என்னை அடித்தாய் என்று கேட்கிறது. நாய்க்கு மட்டும் என்ன தடை!

சரி, அத்தையின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் சரியான இடத்தைத் தொட்டவர் அவர்தான்.

அவர் சொல்வது சரி. புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், கிறிஸ்து உதவிக்குக் கை கொடுத்தது தேவதூதருக்கு அல்ல, ஆபிரகாமின் சந்ததிக்கு என்கிறது. ஏன் அப்படி என்பதற்கு இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் ஒரு காரணம் சொன்னார். மனிதன் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கிறான், பிறகு மனம் மாறுகிறான். தூதனுக்கு உடம்பும் இல்லை, அரைகுறை அறிவும் இல்லை. எல்லாம் தெரிந்தே ஒரு முறை தேர்ந்தெடுக்கிறான், அதோடு சரி. மனம் மாற இடமில்லாத இடத்தில் மன்னிப்புக்கு என்ன வேலை? மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இதற்கு மாறாக, கடைசியில் எல்லா ஆத்துமாக்களும் கடவுளிடம் திரும்பும் என்ற திசையில் யோசித்தார். ஆறாம் நூற்றாண்டில் திருச்சபை அந்தப் போதனையைத் தள்ளிவிட்டது. ஆக, 'ஃபாலன்' ஓரிகன் கட்சி, அத்தை திருச்சபைக் கட்சி. இதில் ஒரு வேடிக்கை. இந்தத் தொடரை ஒளிபரப்பிய சேனலின் மூலவேர் பாட் ராபர்ட்சன் என்ற சுவிசேஷகர் ஆரம்பித்த கிறிஸ்தவ ஒளிபரப்பு நிறுவனம். கை மாறிக் கை மாறி டிஸ்னியிடம் வந்த பிறகும், அவருடைய மத நிகழ்ச்சி ஒப்பந்தப்படி அதில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனால் அத்தையிடம் நீங்கள் சொல்லவேண்டிய கதை வேறு ஒன்று உண்டு. ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில், தேவகுமாரர் (தூதர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்) மனுஷகுமாரத்திகளை மணந்ததாக நாலு வசனம் வரும். "அந்நாட்களில் இராட்சதர் பூமியிலே இருந்தார்கள்" என்று நம் தமிழ் வேதாகமம் சொல்லும் அந்த இராட்சதர்தான் மூலத்தில் நெபிலிம். நாலே வசனம். மிச்சக் கதை, நம் வேதாகமத்தில் சேராத பழைய யூத நூலான ஏனோக்கின் புத்தகத்தில் இருக்கிறது. அதன் அரமேயத் துண்டுகள் சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்தன. முழுசாகக் காப்பாற்றி வைத்தது எத்தியோப்பியத் திருச்சபை.

அதன்படி 200 காவல் தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். தனியாகச் செய்தால் பழி தன் ஒருவன் தலையில் விழும் என்று தலைவனுக்குப் பயம், அதனால் கூட்டுச் சத்தியம் செய்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருவனான அசாசேல் ஆண்களுக்கு வாளும் கேடயமும் செய்யக் கற்றுக்கொடுக்கிறான், பெண்களுக்குக் கண்ணுக்கு மையிட. (மையையும் வாளையும் ஒரே குற்றப்பத்திரிகையில் எழுதியவர் யாரோ, வீட்டில் என்ன பாடுபட்டாரோ.) பிள்ளைகள் பிறக்கிறார்கள், பூமியையே தின்கிறார்கள். தீர்ப்பு வருகிறது. அசாசேலைக் கை கால் கட்டிப் பாலைவனத்தில் கற்களுக்கு அடியில் போடுகிறார்கள்.

இதற்கப்புறம் வருவதுதான் எனக்கு முக்கியம். தண்டனை பெற்ற தூதர்கள் வெட்கத்தில் வானத்தை அண்ணாந்து பார்க்க முடியாமல் கூடி உட்கார்ந்து அழுகிறார்கள். ஏனோக்கு என்ற மனிதனிடம், எங்களுக்காக ஒரு மனு எழுதிக் கொடு என்று கேட்கிறார்கள். அவன் எழுதுகிறான். தாண் நாட்டு நீர்க்கரையில் உட்கார்ந்து, தூக்கம் வரும்வரை அதை வாசிக்கிறான். கனவில் பதில் வருகிறது: மனிதருக்காக நீங்கள் பரிந்து பேசவேண்டும், உங்களுக்காக மனிதன் பேசுவதா? மனு தள்ளுபடி. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாவதைத் தகப்பன்மார் பார்க்கவேண்டும்.

'ஃபாலன்' இந்த மனுவைத் திரும்பக் கையில் எடுக்கிறது. ஏனோக்கில் தகப்பன்மார் தங்களுக்கும் பிள்ளைகளுக்குமாகக் கெஞ்சினார்கள். இங்கே வெட்டுப்பட வேண்டிய பிள்ளையே தகப்பன்மாரை மன்னிக்கிற இடத்தில் நிற்கிறான். தான் பிறந்ததே அவர்களுடைய குற்றத்தின் விளைவு, தன்னைத் துரத்துகிறவர்கள் அந்தக் குற்றத்துக்காகத்தான் துரத்துகிறார்கள். அப்படிப்பட்டவன் கையில் மன்னிப்பைக் கொடுக்கிற யோசனை பெரிய யோசனை. என் ஒரு வரிப் பாராட்டு அதற்குத்தான்.

அந்த யோசனையை வைத்துக்கொண்டு அவர்கள் செய்தது போதாது, ஒத்துக்கொள்கிறேன். முதல் பாகத்தில் டாம் ஸ்கெரிட் நடித்த ஸீக் என்ற விழுந்த தூதனை, அந்தக் கிழவனை, ஆரன் பரலோகத்துக்கு அனுப்பிவைக்கும் இடம் மனதைத் தொடுகிறது, ஏனென்றால் அந்தக் கிழவனோடு நாமும் பழகியிருக்கிறோம். இத்தனை காலம் மண்ணில் கிடந்தவனின் களைப்பு அந்த முகத்தில் இருக்கிறது. பிறகு வருகிறவர்களுக்கு அது இல்லை. ஒரு வெளிச்சம், ஆள் மேலே போய்விடுகிறான், அடுத்த ஆள். டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி. என்ன செய்தாய், யாருக்குச் செய்தாய் என்று ஆரன் ஒருத்தரையாவது உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அத்தை எழுந்து போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவருடைய கோபம் மன்னிப்பின் மேல் இல்லை, அது இவ்வளவு மலிவாகக் கிடைப்பதன் மேல்தான். இது என் ஊகம், அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

லூசிஃபர் என்ற லத்தீன் சொல்லுக்கும் ஒளியைக் கொண்டுவருகிறவன் என்றுதான் பொருள். அது வருகிற ஏசாயா வசனத்தில் தமிழ் வேதாகமம் அதை "விடிவெள்ளி" ஆக்கியிருக்கிறது. வானத்திலிருந்து விழுந்தாயே என்று விடிவெள்ளியைப் பார்த்துச் சொல்லும்போது கோபத்தோடு ஒரு துக்கமும் சேர்ந்து கேட்கிறது. கிரான்ஸ்டன் முகத்தில் அந்தத் துக்கம் ஒன்றிரண்டு இடத்தில் வந்து போகிறது. மூன்றாம் பாகத்தை இன்னொரு முறை பார்க்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பார்த்தால் அவருக்காகப் பாருங்கள். முடிவைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இதைப் படிக்கிறவர்களில் இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கணவரிடம் கழுதையைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.