மகனை ரக்பி லீக்கில் விடலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். சிட்னியில் டூங்காபிக்கு வந்து ஐந்து மாதம், பதினொரு வயது மகன் பள்ளிக்கூடத்துப் பெடியளோடு சேர்ந்து ரக்பி லீக் விளையாடக் கேட்கிறான், மனைவி பயப்படுகிறார், பக்கத்துக் கிளப்பின் பயிற்சியாளர் ‘இவனிடம் திறமை இருக்கிறது’ என்று சொல்லிவிட்டார், இதில் எதிர்காலம் உண்டா, விளையாடி முடித்தவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, பழைய கார், செலக்டிவ் பள்ளிக்கூடப் பரீட்சை, டியூஷன் என்று இன்னும் நாலு கேள்வி. அந்த நாலையும் விட்டுவிடுகிறேன், அதைச் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். லீக்கைப் பற்றிச் சொல்லத்தான் எங்கள் ஆட்களில் அதிகம் பேர் இல்லை. அதில் எனக்குப் பல வருடமாகவே மனவருத்தம்.

நம்மூரில் ரக்பி என்றால் கொழும்பு, கண்டிப் பள்ளிக்கூடங்கள், பிராட்பி கேடயம், அவ்வளவுதான். அது ரக்பி யூனியன், ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். இது வேறு. பதின்மூன்று பேர், ஆறு தடவை பிடித்து விழுத்தும்வரைதான் பந்து உங்கள் பக்கம், அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு. ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவது) ஒன்றுக்கு நாலு புள்ளி, அதன் பின் கோல் உதைத்தால் இரண்டு. இந்த ஆட்டம் பிரிந்து வந்த காரணத்தை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில், வடபகுதிக் கிளப்புகள் கூடிப் பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை விளையாடப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும், அந்த இழப்பைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள், மேலே இருந்தவர்கள் கொடுக்கக்கூடாது என்றார்கள். சண்டை அதுதான். ஒரு நாள் ஷிப்ட்டை விட்டால் வாடகை இடிக்கும் என்ற கணக்கு உங்களுக்கும் எனக்கும் தெரியாததா?

நான் வந்தது 2002 யூலையில், நடுக் குளிர். பெண்டில் ஹில்லில் இரண்டு அறை வீட்டில் ஆறு பேர், நான் ஹோலில் மெத்தை போட்டுப் படுத்தேன். ஊரில் கணக்கு எழுதியவன், இங்கே கோழி இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை. விடியப்புறம் வீட்டுக்கு வந்து சுடுதண்ணீருக்குள் கையை வைத்தால்தான் விரல் மடங்கும். அந்த இடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் மூன்று மாதம் என் பெயரைச் சொல்லவில்லை, ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவார். சாப்பாட்டு நேரத்தில் தனியாக இருந்தேன். மேசையில் கதைப்பதெல்லாம் ஃபுட்டி (லீக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), அதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது.

எங்கள் லைனில் நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிக்காரர் ஒருவர் வேலை செய்தார், பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவர் வாரியர்ஸ் ஆள், அது நியூசிலாந்து அணி. அந்த வருடம் வாரியர்ஸ் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது, ஒக்டோபர் 6ஆம் திகதி, எதிரே சிட்னி ரூஸ்டர்ஸ். ‘தனியா என்ன செய்யப் போறாய், வீட்ட வா’ என்று கூட்டிக்கொண்டு போனார். இருபது பேர் இருக்கும் அந்த வீட்டில், தட்டு நிறைய ஆட்டிறைச்சியும் வற்றாளைக் கிழங்கும். ஒரு கட்டத்தில் வாரியர்ஸ் 8–6 என்று முன்னால் நின்றது, வீடு அதிர்ந்தது. பிறகு எல்லாம் சரிந்து 30–8 என்று தோற்றார்கள். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு எழும்பிப்போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார், நான் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தேன். அந்தக் கிழமை சாப்பாட்டு மேசையில் எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார்கள்.

அன்று வாரியர்ஸுக்குக் கோல் உதைத்தவர் ஐவன் கிளியரி. வயது முப்பத்தொன்று, அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். விளையாடி முடித்தவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்களே, அந்த ஒரு மனிதரை எடுத்துப் பாருங்கள்.

1992இல் மான்லியில் தொடங்கி, நோர்த் சிட்னி, ரூஸ்டர்ஸ், வாரியர்ஸ் என்று நாலு கிளப் மாறியவர். 1998இல் ஒரே பருவத்தில் 284 புள்ளி எடுத்தார், அப்போது அது சாதனை. (2004இல் அதைத் தாண்டிப்போய் 342 எடுத்தவர் ஹசெம் எல் மஸ்ரி. லெபனானிலிருந்து சிறுவனாக வந்தவர், கான்டர்பரி புல்டோக்ஸ் ஆட்டக்காரர். ‘இதெல்லாம் எங்களுக்கு வராது’ என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான்.) ஆட்டத்தை விட்ட பிறகு கிளியரி நேராகப் பெரிய கதிரையில் போய் இருக்கவில்லை. இரண்டாம் தர அணிகளோடு நின்றார், துணைப் பயிற்சியாளராக இருந்தார், 2006இல்தான் வாரியர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதுவும் எப்படி? சம்பள உச்சவரம்பை (ஒரு கிளப் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய அளவு) முன்பு மீறியதற்குத் தண்டனையாக அந்தப் பருவத்தை அந்த அணி நாலு புள்ளி கழித்துத் தொடங்க வேண்டியிருந்தது. பூச்சியத்துக்கும் கீழே இருந்து தொடங்கினார் தம்பி. 2008இல் எட்டாம் இடத்தில் இருந்த அணியை வைத்து முதலிடத்து மெல்பேர்னை அவர்களின் மண்ணிலேயே விழுத்தினார். 2011இல் இறுதி ஆட்டம் வரை கொண்டு வந்தார், மான்லியிடம் 24–10 என்று தோல்வி.

2012இல் பென்ரித் கிளப்புக்குப் போனார். மூன்றாவது வருடமே இறுதிக்கு முந்தைய ஆட்டம் வரை வந்தார்கள். அடுத்த வருடம் காயம்பட்டவர்கள் அதிகம், அணி கீழே போனது, 2015 ஒக்டோபரில் ஒப்பந்தம் மிச்சம் இருக்கும்போதே நீக்கினார்கள். களைத்துப்போய்விட்டார் என்பது நிர்வாகத்தில் இருந்த ஃபில் கூல்ட் சொன்ன காரணம். அந்த வருடம்தான் பதின்மூன்று வருடம் வேலை செய்த இடத்தில் என்னையும் நிற்பாட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கூப்பிட்டு ஒரு கடதாசி தந்தார்கள். இரண்டு கிழமை மனைவியிடம் சொல்லாமல், காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டுப் போய் பராமட்டா நூலகத்தில் இருந்தேன். அங்கே கிடந்த பத்திரிகையில்தான் கிளியரியின் செய்தியை வாசித்தேன். நாடு முழுக்கத் தெரிய, படம் போட்டு, களைத்துப்போனவர் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் அந்த மனிதரை. அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த வருடம் அதே பென்ரித்தில் அவருடைய மகன் நேதன் முதல் தர ஆட்டத்துக்கு வந்தான். தகப்பனை அனுப்பிய கிளப்பில் மகன் விளையாடுகிறான், தகப்பன் வெளியே. 2017இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கிளியரியை எடுத்தது. 2018 முடிவில், அங்கே இன்னும் இரண்டு வருடம் ஒப்பந்தம் இருக்க, பென்ரித் திரும்பக் கூப்பிட்டதும் போய்விட்டார். டைகர்ஸ் ரசிகர்களின் கோபம் இன்னும் ஆறவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மகன் இருக்கும் இடத்துக்கு ஒரு தகப்பன் போனதை என்னால் குறைசொல்ல முடியவில்லை. 2019 சரிவரவில்லை. 2020இல் இறுதி ஆட்டத்தில் மெல்பேர்னிடம் 26–20 தோல்வி. அதற்குப் பிறகு 2021, 22, 23, 24 என்று தொடர்ந்து நாலு பட்டம். 1956இலிருந்து 66 வரை தொடர்ந்து பதினொன்று எடுத்த சென்ட் ஜோர்ஜுக்குப் பிறகு ஒருவரும் தொடர்ந்து நாலு எடுத்ததில்லை. 2023இல் பிரிஸ்பேனிடம் 24–8 என்று பின்னால் நின்று, கடைசி இருபது நிமிடத்தில் 26–24 என்று வென்ற ஆட்டத்தை நான் அரங்கில் இருந்து பார்த்தேன். நான் பராமட்டா ரசிகன், 1986க்குப் பிறகு எங்களுக்குப் பட்டமில்லை, 2022 இறுதியில் எங்களை 28–12 என்று அடித்ததும் இதே பென்ரித்தான். இருந்தும் அன்று எழும்பி நின்று கை தட்டினேன்.

அந்த அணியில் இருந்த ஜரோம் லுவாய், பிரையன் டோவோ, ஸ்டீபன் கிரைட்டன் மூவரும் மவுண்ட் டிரூயிட் பக்கத்துப் பெடியள், சமோவாக் குடும்பங்கள். 2022இல் சமோவா உலகக் கிண்ண இறுதிக்கு வந்தபோது அதிலும் விளையாடினார்கள். இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. மேஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், ‘அந்தத் தீவு ஆட்களோடு பிள்ளையைச் சேரவிடாதேங்கோ, அது படிக்காதவர்களின் விளையாட்டு’ என்று. சொல்பவர் இருபது வருடம் இங்கே இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. எங்களை ஒருவன் நிறத்தைப் பார்த்து ஒதுக்கினால் எவ்வளவு கொதிக்கிறோம்! எனக்குச் சாப்பாடு போட்டு, ஷிப்ட் மாற்றித் தந்து, என் முதல் காரை ஸ்டார்ட் பண்ண வந்து தள்ளியவர்கள் அந்த மனிதர்கள்தான். உங்கள் மகன் அவர்களோடு விளையாடக் கேட்கிறான் என்றால் சந்தோசப்படுங்கள்.

சரி, இனி எச்சரிக்கை. இதைக் கவனமாக வாசியுங்கள்.

பயிற்சியாளர் திறமை இருக்கிறது என்றது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். என்ஆர்எல்லில், அதாவது லீக்கின் முதல் தரப் போட்டியில், 17 கிளப். ஒரு கிளப்பின் முதல் பட்டியலில் 30 பேர். அப்படியென்றால் ஐந்நூற்றுச் சொச்சம் இடம், அதற்கு முழு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பசிபிக் தீவுகளும் போட்டி. தலைமைப் பயிற்சியாளர் கதிரை 17தான், அதில் இருப்பவர்களும் நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். பதின்மூன்று, பதினாலு வயதில் ஒருவர் வந்து, நான் ஏஜென்ட், உங்கள் பிள்ளையைப் பெரிய ஆளாக்குகிறேன், இதில் கையெழுத்து வையுங்கள் என்பார். வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதை நம்பிப் பிள்ளையின் படிப்பை விட்டது, பத்தொன்பது வயதில் முழங்கால் போனது, அந்த ஏஜென்ட் பிறகு போனையும் எடுக்கவில்லை.

அடுத்தது தலை. மனைவியின் பயம் நியாயமானது, அவரைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தது என்று சந்தேகம் வந்தாலே பிள்ளை அன்றைக்கு மைதானத்தை விட்டு வெளியே வரவேண்டும். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்கள் குறைந்தது 21 நாள் போட்டிக்குத் திரும்பக்கூடாது, இடிபடும் பயிற்சிக்குப் போகவும் முதலில் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்க வேண்டும், இது ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் 2024 வழிகாட்டல். இறுதி ஆட்டம் வருகிறது, பிள்ளைக்குச் சுகம்தான் என்று எந்தப் பயிற்சியாளராவது சொன்னால், அன்றே கிளப்பை மாற்றுங்கள். என் மகனுக்கு ஒருமுறை அப்படி நடந்தது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், அந்தக் கிளப்பின் பக்கமே பிறகு போகவில்லை. அவ்வளவு பயம் என்றால் முதல் வருடம் ஓஸ்டேக்கில் விடுங்கள், இடுப்பில் தொங்கும் பட்டியை உருவுவதுதான், ஆளை விழுத்த மாட்டார்கள், ஓட்டமும் பந்து கொடுப்பதும் அதிலேயே பழகிவிடும்.

அப்புறம் இன்னொன்று, இது உங்களுக்கு. பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்து ஊருக்குப் போன் கதைக்கும் தகப்பனாக இருக்காதீர்கள். நான் முதல் பருவம் தண்ணீர்ப் போத்தல் நிரப்பினேன். அடுத்த பருவம் இடைவேளைத் தோடம்பழம் வெட்டினேன், சோசேஜ் சுட்டேன். மூன்றாவது பருவம், பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி எடுத்து (தொண்டருக்கு இந்த மாநிலத்தில் அது இலவசம்), கிளப் காட்டிய பயிற்சியும் முடித்து, பத்து வயதுக்குட்பட்ட அணிக்குத் துணைப் பயிற்சியாளராக நின்றேன். ஆட்டம் ஒரு நாளும் விளையாடாத யாழ்ப்பாணத்தான், பதினேழு பிள்ளைகளுக்குக் கத்திக் கத்தி விசில் ஊதினேன். என் இங்கிலீஷ் திருந்தியது வகுப்பில் இல்லை, அந்தப் புல்லில்தான். மகன் பதினாறு வயதில் தோள்மூட்டு இறங்கி விட்டுவிட்டான். இப்போது எலக்ட்ரீஷியன், சனிக்கிழமைகளில் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அவன்தான் பயிற்சியாளர்.

அந்த மாவோரிக்காரர் 2011இல் ஓக்லாந்துக்குத் திரும்பிப் போனார். மான்லியிடம் வாரியர்ஸ் தோற்ற இரவு போன் எடுத்தேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை, பிறகு அவர் ‘பாத்திரம் கழுவ ஆள் இல்லை, வாறியா’ என்றார்.

பதிவுக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழைக் கொண்டு போங்கள். பல்லுக்குப் போடும் காப்பை மலிவுக் கடையில் வாங்காமல் பல் வைத்தியரிடம் அளவெடுத்துச் செய்வியுங்கள். சனிக்கிழமை காலை மைதானம் பனி ஈரமாக இருக்கும், உங்களுக்கும் ஒரு சோடி பழைய சப்பாத்து காரில் கிடக்கட்டும்.