எண்ணெய் மாற்றியதாலா முடி கொட்டுகிறது?

செம்பருத்தி எண்ணெய்க்கு மாறியதிலிருந்து முடி கொட்டுகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டியதில்லை, முடி கொட்டுவது அதனால் அல்ல. குழந்தைக்கு நாலு மாதம் என்கிறீர்களே, காரணம் பெரும்பாலும் அதுதான். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுதலாக இருப்பதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நிற்கும். பிரசவத்துக்குப் பிறகு அது இறங்கியதும், தங்கிய முடியெல்லாம் மூன்று, நாலு மாதத்தில் மொத்தமாகக் கொட்டும். "பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று என் மாமியார் சொல்வார். காரணம் தப்பு, கணக்கு என்னவோ சரி!

ஒன்று செய்து பாருங்கள். சீப்பில் வந்த முடியை வெள்ளைத்தாளில் வையுங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகக் கடுகைவிடச் சின்ன முடிச்சு இருந்தால் வேரோடு உதிர்ந்தது. முடிச்சில்லாமல் துண்டு துண்டாக இருந்தால் நடுவில் அறுந்தது. அதற்கு ஈரத்தலையைச் சீவாமல் இருந்தாலே பாதி சரியாகும். சீயக்காய்ப் பொடியையும் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள், திப்பி இருந்தால் தேய்க்கும்போது முடியை இழுக்கும்.

பிள்ளைக்கு ஒரு வயதாவதற்குள் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். அப்புறமும் நிற்கவில்லை, வட்டமாகச் சொட்டை விழுகிறது, எப்போதும் அசதி என்றால் தைராய்டும் இரும்புச்சத்தும் பரிசோதிக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், உதிர்ந்த முடி பிள்ளையின் கால்விரலில் சுற்றி இறுக்கிவிடும். காரணமில்லாமல் வீறிட்டு அழுதால் சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். விரல் சிவந்து வீங்கி, முடியை எடுக்க வரவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.