கடிவாளம் முகுளத்தில் இருக்கிறது

கேள்வி: மாற்றிப் பொருத்திய இதயம் நரம்புத் தொடர்பே இல்லாமல் துடிக்கிறது. அப்படியிருக்க, இதயத்தை மூளைத்தண்டு காக்கிறது என்று எழுதுவது மிகையல்லவா?

பதில்: துடிக்கிறது, சரி, எத்தனை முறை என்று கேட்டீர்களா? நம் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 80 முறை துடிக்க, மாற்று இதயமோ பெரும்பாலும் 90 முதல் 110 வரை ஓடுகிறது. மாடிப்படி ஏறினால் உடனே வேகம் கூடுவதில்லை, ஏறி முடித்து உட்கார்ந்த பிறகும் எளிதில் தணிவதில்லை. இதயத்தின் சொந்த வேகம் ஏறக்குறைய 100. அதை நாள் முழுதும் இழுத்துப் பிடித்திருப்பவை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில், குறிப்பாக நியூக்ளியஸ் ஆம்பிகுவஸ் என்ற இடத்தில் உள்ள நரம்புச் செல்கள். அவற்றின் கட்டளை வேகஸ் நரம்பு வழியே இறங்கி, அசிட்டைல்கோலின் என்ற இரசாயனமாக இதயத்தைத் தொடுகிறது. 1921-இல் மருந்தியல் அறிஞர் ஆட்டோ லோவி, வேகஸைத் தூண்டி வேகம் குறைத்த ஒரு தவளை இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தின் மீது விட, அதுவும் தணிந்ததைக் காட்டி இந்த இரசாயனத் தூதை நிறுவினார்.

மணிக்கட்டில் விரலை வைத்து மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தணியும். இது நோயன்று, மூச்சின் தாளத்துக்கேற்ப முகுளம் பிடியைத் தளர்த்தி இறுக்குவதுதான். (வயதானவர்களுக்கு இந்த ஏற்றஇறக்கம் மங்கலாகவே தெரியும்.)

காப்பு என்ற சொல்லுக்கும் காரணம் உண்டு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இரத்த அழுத்தம் உயர்ந்ததும் முகுளத்துக்குச் சேதி அனுப்ப, அது வேகஸை முடுக்கி, இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்பை அடக்கி, இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. மாரடைப்புக்குப் பின் இந்த அனிச்சைச் செயல் மந்தமானவர்களிடையே இறப்பு கூடுதல் என்று 1998-இல் வெளியான அட்ராமி ஆய்வு கண்டது.

ஆனால் கடிவாளத்தை வெளியிலிருந்து இழுத்தால் போதும் என்பது வேறு கதை. இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கருவி பொருத்தி வேகஸைத் தூண்டிய இன்னோவேட் ஆய்வு, இறப்பையோ நோய் முற்றுவதையோ குறைக்கவில்லை என்று 2016-இல் முடிந்தது. 'வேகஸைத் தட்டி எழுப்பினால் இதயநோய் அண்டாது' என்ற விளம்பரங்களுக்கு நீங்கள் 'மிகை' என்ற சொல்லை எழுதியிருந்தால், நான் மறுத்திருக்க மாட்டேன்.