பிரீமியம் கிரெடிட் கார்டின் ஹோட்டல் சலுகைக்காக ஆண்டுக்கட்டணம் கட்டலாமா?

12,500 ரூபாய் ஆண்டுக்கட்டணத்தில் வங்கி ஒரு கார்டு தருகிறது, ஹோட்டல் சலுகைகள் நிறைய இருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு கார்டுகளுக்குக் கட்டணம் கட்டிப் பார்த்தவன். விலை கூடிய கார்டில் கையைச் சுட்டுக்கொண்டேன். 3,000 ரூபாய் கார்டு இன்னும் பர்ஸில் இருக்கிறது.

முதல் கார்டு தானாக வந்தது. வங்கி எது என்பது வேண்டாம். "சார், உங்க ப்ரொஃபைலுக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்" என்று ரிலேஷன்ஷிப் மேனேஜர் மூன்று தடவை கூப்பிட்டார். 10,000 ரூபாய் கட்டணம், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 11,800. (அந்த 1,800-ஐப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை.) உலோகத்தில் கார்டு, கறுப்புப் பெட்டி, உள்ளே ஒரு புத்தகம். ஒரு ஹோட்டல் குழுமத்தில் உறுப்பினர் அந்தஸ்து, இரண்டு பேருக்குக் காலை உணவு, கிடைத்தால் உயர்ந்த அறை, சாப்பாட்டு பில்லில் 20 சதவீதம் தள்ளுபடி. புத்தகத்தின்படி எல்லாவற்றையும் கூட்டினால் 40,000 ரூபாய்க்கு மேல் வந்தது.

எங்கள் அம்மா மொய் நோட்டு வைத்திருப்பார். வைத்தது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம். அதே மாதிரி டைரியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, வைத்தது 11,800 என்று எழுதிவிட்டுக் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினேன்.

உயர்ந்த அறை கிடைத்தது. அதே அளவு அறைதான், ஒரு மாடி மேலே, பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல். இரண்டு நாளும் பனி, ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். காலை உணவு இரண்டு பேருக்கு இலவசம், ஆனால் நாங்கள் நாலு பேர். இரண்டு பிள்ளைகளுக்கும் அரை டிக்கெட் போல ஆளுக்குப் பாதி விலை வாங்கினார்கள். 20 சதவீதம் இருக்கிறதே என்று இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்தோம். 5,750 ரூபாய் பில், தள்ளுபடி போக 4,600.

என் மனைவி பில்லை வாங்கிப் பார்த்தாள். "என்னங்க, ஆயிரத்து நூத்தம்பது மிச்சம்னு போட்டிருக்கு. இந்த கார்டு இல்லைன்னா ஊருக்குள்ள போய் ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டிருப்போம்ல?" என்றாள். 3,600 ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது. அதை டைரியில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சலுகைக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: கார்டு இல்லாவிட்டால் இதற்கு நான் எவ்வளவு கொடுத்திருப்பேன்? ஹோட்டல் போட்டிருக்கும் விலை எனக்கு வேண்டாம்.

காலை உணவையே எடுத்துக்கொள்வோம். பெரிய ஹோட்டல்களில் பஃபே தலைக்கு 1,000 முதல் 1,500 வரை. இரண்டு பேருக்கு இரண்டு நாள் என்றால் 5,000 லாபம் என்று கார்டு விற்பவர் காட்டுவார். ஆனால் மதுரையிலோ கோவையிலோ வாசலைத் தாண்டி நடந்தால் இட்லி, பொங்கல், வடை, காபி என்று நாலு பேரும் 500 ரூபாய்க்கு வயிறாரச் சாப்பிட்டுவிடலாம். பல இடங்களில் பஃபேயில் இருப்பதைவிட நன்றாகவும் இருக்கும். அங்கே பஃபேயின் காலைப் பொங்கல் பத்து மணிக்கு அல்வா பதத்துக்கு வந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆக, இரண்டு பேருக்கான அந்தச் சலுகையின் மதிப்பு எனக்கு ஒரு வேளைக்கு 250 ரூபாய். இதுவே லண்டனிலோ துபாயிலோ என்றால் கணக்கு வேறு. வெளியே போனாலும் கை நிறையச் செலவாகும், அங்கே ஹோட்டல் காலை உணவு உண்மையிலேயே பணம். நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் சலுகைக்கு விலை போட முடியாது.

உயர்ந்த அறைக்கு நான் பூஜ்யம்தான் போடுகிறேன். "கிடைத்தால்" என்ற வார்த்தை அதில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நீண்ட வார இறுதியில், பள்ளி விடுமுறையில், முகூர்த்த நாளில் கிடைக்காது. நம்மைப் போன்றவர்கள் போவதே அந்த நாட்களில்தான்.

அப்புறம் இந்த அந்தஸ்து. சில்வர், கோல்டு என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மாரியட் ஹோட்டல் குழுமத்தை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25-க்கு கோல்டு, 50-க்கு பிளாட்டினம். சில்வரில் கொஞ்சம் கூடுதல் பாயின்ட், அவ்வளவுதான். கோல்டில் கிளம்பும் நாளில் மதியம் 2 மணி வரை அறை, அதுவும் கிடைத்தால். காலை உணவு, லவுஞ்ச் என்று நாம் நினைப்பதெல்லாம் பிளாட்டினத்தில்தான் தொடங்குகிறது. கார்டோடு இலவசமாக வருவது பெரும்பாலும் சில்வரோ கோல்டோதான். ஹில்டனில் கோல்டுக்கே அமெரிக்காவுக்கு வெளியே காலை உணவு உண்டு, ஆகவே எந்தக் குழுமத்தின் கோல்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தஸ்தால் பலன் கண்ட ஆள் என் மச்சான் ஒருவர்தான். ஆடிட் வேலை, கம்பெனி செலவில் ஊர் ஊராகத் தங்குவார். ஒரு வருடம் 42 இரவு ஆகியிருந்தது. தங்காமலே கார்டு கொடுத்த 10 இரவுக் கணக்கும் சேர்ந்து 50-ஐத் தாண்டி பிளாட்டினம் வந்துவிட்டது. அவர் வைத்திருந்ததும் நான் வைத்திருக்கும் 3,000 ரூபாய் கார்டுதான்.

அது எச்.டி.எஃப்.சி. வங்கியின் மாரியட் பான்வாய் கார்டு, 2023 ஆகஸ்டில் வந்தது. வரியோடு 3,540. கட்டணம் கட்டினால் ஒவ்வொரு ஆண்டும் ஓர் இலவச இரவு, 15,000 மாரியட் பாயின்ட் வரை உள்ள அறைக்கு. அறை அதற்கு மேல் போனால் நம் கணக்கிலிருந்து ஓரளவு பாயின்ட் சேர்த்துக்கொள்ளலாம். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்த இரவைப் பயன்படுத்தினேன். எப்படியும் ஓர் அறை எடுத்திருப்பேன், 4,500 ரூபாய் அளவில். வரவுப் பக்கத்தில் 4,500 என்றே எழுதினேன், அந்த அறை அன்றைக்கு 9,000 காட்டியபோதும். (அறை வாடகை 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம் வரி வேறு, 2025 செப்டம்பரிலிருந்து அதற்குள் இருந்தால் 5 சதவீதம்தான்.) கறாரான இந்தக் கணக்கிலேயே 960 ரூபாய் லாபம். குறையும் உண்டு: விசா, மாஸ்டர்கார்டு இல்லாமல் டைனர்ஸ் கிளப் நெட்வொர்க் கார்டு என்பதால் சில கடை மெஷின்களில் ஏறாது. இலவச இரவு ஓராண்டில் காலாவதியாகும். பாயின்ட் விலை நாளுக்கு நாள் மாறும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கைக்கு எட்டாது.

மேல்தட்டுக் கார்டுகளையும் இதே நோட்டில் எழுதிப் பார்த்தேன். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டுக்கு இந்தியாவில் ஆண்டுக்கட்டணம் 66,000, வரியோடு 77,880. அதன் ஃபைன் ஹோட்டல்ஸ் என்ற சொகுசு ஹோட்டல் திட்டத்தில் பதிவு செய்தால் இரண்டு பேருக்குக் காலை உணவு, கிளம்பும் நாளில் உறுதியாக மாலை 4 மணி வரை அறை, ஒவ்வொரு தங்கலுக்கும் 100 டாலர் மதிப்புக்குச் சாப்பாடோ ஸ்பாவோ. மற்ற கார்டுகளில் "கிடைத்தால்" என்பது இங்கே "உறுதி" என்று இருக்கிறது, அது பெரிய விஷயம்தான். தாராளமாகப் போட்டாலும் ஒரு தங்கலுக்கு 11,500 வரவு. கட்டணம் தேற ஏழு தடவை தங்க வேண்டும். அந்த ஹோட்டல்களில் அறையே ஓர் இரவுக்கு 15,000, 20,000. வருடத்துக்கு ஏழு முறை அங்கே தங்குபவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

டல்லாஸில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இதே கார்டு. அங்கே 2025-இல் கட்டணத்தை 695 டாலரிலிருந்து 895 ஆக்கினார்கள், கூடவே ஹோட்டல் செலவில் திரும்பத் தரும் தொகையை (கிரெடிட்) 200-லிருந்து 600 ஆக்கினார்கள். ஆனால் அரையாண்டுக்கு 300 என்று பிரித்து. ஜூன் கடைசியில் "300 டாலர் வீணாகுதுடா" என்று எங்கேயாவது ஓடுகிறான். கூப்பன் இவனை ஊர் சுற்ற வைக்கிறது.

பதிவு செய்யும் இடத்தையும் பாருங்கள். வங்கியின் தளத்தில் பதிவு செய்தால் கார்டு பாயின்ட் அள்ளிக் கொடுப்பார்கள். ஆனால் அதை வெளியார் வழியான பதிவாகவே பெரும்பாலான ஹோட்டல் குழுமங்கள் பார்க்கும்; அவர்களுடைய பாயின்டும் கிடையாது, இரவுக் கணக்கும் கிடையாது, சில்வர் கோல்டு மரியாதையும் கிடையாது. பெரும்பாலும் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும்.

விதிகளும் நிற்காது. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 2023 செப்டம்பரில் கட்டணம் 10,000-லிருந்து 12,500 ஆனது, அதே நாளில் ஹோட்டல், விமானப் பாயின்டாக மாற்றும் விகிதம் 5 கார்டு பாயின்டுக்கு 4 என்றிருந்தது 5-க்கு 2 ஆகப் பாதியானது. மூன்று வருடக் கணக்குப் போட்டு வாங்கியவர்கள் திண்டாடினார்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் கணக்குப் போடுங்கள்.

சரி, உங்கள் 12,500 ரூபாய் கார்டு. எச்.டி.எஃப்.சி. இன்ஃபினியா போல, கட்டணம் கட்டியதும் 12,500 பாயின்டாகத் திரும்பத் தரும் கார்டு என்றால் வாங்கலாம். வங்கியின் தளத்தில் ஒரு பாயின்ட் ஒரு ரூபாயாக ஹோட்டலுக்கோ விமானத்துக்கோ போகும், உங்கள் உண்மைச் செலவு கிட்டத்தட்ட வரி மட்டும்தான். எதுவும் திரும்பத் தராமல் காலை உணவையும் உயர்ந்த அறையையும் காட்டுகிறார்கள் என்றால், வருடத்தில் எத்தனை இரவு சொந்தக் காசில் தங்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரிலேஷன்ஷிப் மேனேஜர் இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவார்.

என் இந்த வருட இலவச இரவு மார்ச்சில் காலாவதி. மனைவி திருச்சி என்கிறாள், பிள்ளைகளுக்கு மகாபலிபுரத்தில் நீச்சல் குளம் வேண்டுமாம். அங்கே சனிக்கிழமைக்கு 23,000 பாயின்ட் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.